இருவர் பெயர் தாங்கும் பாலம்

ஆறு ஊரை இரண்டாகப் பிரிக்கும். பாலம் அதனை ஒன்றாக்கும். பாலம், மண்டபம் முதலிய பொதுக் கட்டடங்களுக்கு நாடாண்டவர் பெயரையும், போரில் வென்றவர் பெயரையும், பொருள் ஈந்தவர் பெயரையும் சூட்டுதல் உலக வழக்கு. ஆயின், ஆட்சியும் படையும் செல்வமும் இன்றித் தம் ஊரில் வாழ்ந்து, எளியோரின் உரிமைக்காகக் குரல் கொடுத்தவர் பெயரைச் சூட்டும் ஊர்களும் உண்டு. அத்தகைய ஊர்களுள் ஒன்று ராச்செஸ்டர்.

ராச்செஸ்டர், அமெரிக்க ஐக்கிய நாட்டின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள நகரம். ஜெனிசி என்னும் ஆறு அந்நகரின் ஊடே வடக்கு நோக்கி ஓடி, ஒன்டாரியோ ஏரியிற் கலக்கின்றது. அவ்வாற்றின்மேல், மூன்று எஃகு வளைவுகள் தாங்கி நிற்க, நெடுஞ்சாலைப் பாலம் ஒன்று 2007ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. முன்னர் அவ்விடத்தில் இருந்த பழைய பாலம் இரண்டு தெருக்களின் பெயரால் வழங்கி வந்தது. புதிய பாலத்திற்கோ, அந்நகரில் வாழ்ந்த இருவருடைய பெயர்கள் சேர்த்துச் சூட்டப்பெற்றன. ஒருவர் பிரடெரிக் டக்ளஸ். மற்றொருவர் சூசன் ஆந்தனி என்னும் அம்மையார். முன்னவர் அடிமையாய்ப் பிறந்தவர். பின்னவர் பெண்ணாய்ப் பிறந்தமையால் வாக்குரிமை மறுக்கப்பெற்றவர். இவ்விருவரும் நெடுங்கால நண்பர். ஒருகால் கடுமையாக மாறுபட்டு நின்றவருங்கூட. இருவர் பெயரும் ஒரு பாலத்தின்கண் இணைந்தது ஏன் என்பதை டக்ளஸின் வாழ்க்கை நமக்கு விளக்கும்.

டக்ளஸ், 1818ஆம் ஆண்டில் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தார். பிறந்த நாள் எதுவென்று அவர் அறியார். அடிமைக் குழந்தையின் பிறந்த நாளைக் குறித்து வைப்பார் யார்? பிற்காலத்தில் அவர் தாமாகவே பிப்பிரவரி 14ஆம் நாளைத் தம் பிறந்த நாளாகக் கொண்டார். தந்தை இன்னாரென்பதும் அவருக்குத் தெரியாது. வெள்ளையர் என்பது மட்டுமே தெரியும். தாயார் ஹாரியட் பெய்லி, பன்னிரண்டு கல் தொலைவில் வேறொரு பண்ணையில் வேலை செய்துவந்தார். பகலெல்லாம் வயலில் உழைத்துவிட்டு, இரவில் நடந்து வந்து, மகன் அருகிற் படுத்து அவனை உறங்கச் செய்து, அவன் விழிக்குமுன் திரும்பிவிடுவார். அவ்வாறு வந்ததும் சில முறைகளே. மகனுக்கு ஏழு வயது ஆகும்போது அத்தாயார் இறந்தார். அவனைப் பேணி வளர்த்தவர் பாட்டியாரே.

எட்டு வயதளவில் சிறுவன் பால்டிமோர் நகரத்திற்கு அனுப்பப்பெற்றான். அங்கே எசமானன் வீட்டு அம்மையார் அவன்பால் இரக்கங்கொண்டு எழுத்துக்களைக் கற்பிக்கத் தொடங்கினார். எசமானன் அதனை அறிந்து வெகுண்டான். கல்வி கற்ற அடிமை, அடிமையாய் இரான் என்று சொல்லித் தடுத்தான். அச்சொல் சிறுவனின் காதில் விழுந்தது. விலங்கை ஒடிக்கும் படைக்கலம் கல்வியே என்பதைத் தடுத்தவன் வாயாலேயே அவன் அறிந்துகொண்டான்!

அன்று முதல் அவன் கல்வியைக் களவாடிக் கற்றான் என்றே சொல்லலாம். வீட்டிலிருந்து ரொட்டித் துண்டுகளை எடுத்துச் சென்று, தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்குக் கொடுப்பான்; அவர்கள் அவனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பார்கள். ஏறத்தாழப் பன்னிரண்டு வயதில், தான் ஈட்டிய ஐம்பது சென்ட் காசைக் கொடுத்து, சொற்பொழிவுகள் அடங்கிய நூலொன்றை வாங்கினான். அந்நூலைப் பலகாற் படித்ததனால் நாவன்மை அவனுக்கு இயல்பாயிற்று.

பதினாறாம் வயதில் அவர், அடிமைகளை அடித்து அடக்குவதில் பெயர்பெற்ற கோவி என்பவனிடம் ஓராண்டிற்கு ஒப்புவிக்கப்பெற்றார். கடும் உழைப்பும் கசையடியும் அவர் உள்ளத்தை ஒடுக்கின. ஒருநாள் கோவி கட்டி அடிக்க முயன்றபோது, அவர் எதிர்த்து நின்றார். இருவரும் நெடுநேரம் மல்லாடினர். அதன்பின் கோவி அவர்மேல் கை வைக்கவில்லை. உடல் அடிமையாயினும் உள்ளம் இனி அடிமையன்று என்னும் உறுதி அன்று பிறந்தது.

பின்னர் அவர் பால்டிமோரில் கப்பல் கட்டும் துறையில் கலப்பத்து வேலை செய்தார். கூலி அவர் கைக்கு வரும். உடனே எசமானன் பைக்குப் போகும். அந்நகரில் அன்னா மர்ரே என்னும் கறுப்பினப் பெண்மணி வாழ்ந்தார். அவர் அடிமையல்லர். வீட்டு வேலை செய்து தாம் சேர்த்த பொருளைக் கொடுத்து, டக்ளஸ் தப்பிச் செல்ல உதவினார். 1838ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், டக்ளஸ் கப்பலோட்டி போல் உடை உடுத்து, பிறர் ஒருவரிடம் இரவல் பெற்ற சான்றிதழுடன் புகைவண்டி ஏறினார். இடையே சஸ்குவெகன்னா என்னும் பேராறு குறுக்கிட்டது. அதன்மேல் அக்காலத்தில் பாலம் இல்லை. பயணிகள் வண்டியினின்று இறங்கிப் படகில் கடக்கவேண்டும். அடையாளம் கண்டுகொள்வார் எவரேனும் உளரோ என்று அஞ்சி அஞ்சியே அவர் ஆற்றைக் கடந்தார். ஒரு நாள் முழுதும் ஆகுமுன் நியூயார்க்கை அடைந்தார். அன்னாவும் அங்கு வந்து சேர, இருவரும் மணம் புரிந்துகொண்டு நியூ பெட்போர்டு என்னும் துறைமுக நகரிற் குடியேறினர்.

அங்கேதான் அவர் புதிய பெயர் பூண்டார். பெய்லி என்னும் பழைய பெயரோடு இருந்தால், தேடுவோர் கையில் அகப்படக்கூடும். ஆதலின், தமக்கு அடைக்கலம் அளித்த நண்பர் ஒருவரைத் தக்க பெயரொன்று தேர்ந்து தருமாறு வேண்டினார். அந்நண்பர் அப்போது சர் வால்டர் ஸ்காட் இயற்றிய காவியம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். அதில் வரும் வீரன் ஒருவனது பெயரையே தந்தார். அவ்வாறு நண்பரிடம் வேண்டிப் பெற்ற பெயரே டக்ளஸ் என்பது. அப்பெயரைத்தான் பின்னாளில் ஒரு நகரம் தன் பாலத்திற்குச் சூட்டியது.

1841ஆம் ஆண்டில், அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டோர் நந்தக்கெட் தீவில் நடத்திய கூட்டத்தில் டக்ளஸ் பேசினார். நடுங்கிக்கொண்டே எழுந்தவர், தாம் பட்ட துன்பத்தைச் சொல்லச் சொல்லக் கேட்டோர் உள்ளம் உருகிற்று. அன்று முதல் ஊர்தோறும் சென்று பேசுவதே அவர் தொழிலாயிற்று. இவ்வளவு திறம்படப் பேசுகின்றவர் அடிமையாய் இருந்திருப்பாரா எனச் சிலர் ஐயுற்றனர். அவ்வையத்தை நீக்க, 1845இல் தம் வரலாற்றை நூலாக எழுதி வெளியிட்டார். எசமானர் பெயர்களையும் இடங்களையும் மறையாது எழுதினார். அதனால் மீண்டும் பிடிபடும் இடர் நேர்ந்தது. எனவே அயர்லாந்திற்கும் இங்கிலாந்திற்கும் சென்று இரண்டாண்டளவு தங்கிப் பேசினார். 1846இல் ஆங்கு உள்ள நண்பர்கள் நூற்றைம்பது பவுன் திரட்டி, எசமானனுக்குக் கொடுத்து, அவரை விடுவித்தனர். சட்டப்படியும் அவர் உரிமை மனிதர் ஆனார்.

அமெரிக்கா திரும்பிய டக்ளஸ், 1847ஆம் ஆண்டில் ராச்செஸ்டரைத் தம் ஊராகத் தேர்ந்துகொண்டார். அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் நாள் ‘வட விண்மீன்’ என்னும் பொருள்படும் பெயருடன் வார இதழ் ஒன்றைத் தொடங்கினார். அடிமை வாழ்வினின்று தப்பி ஓடுவோர்க்கு இருளில் வழிகாட்டுவது வட விண்மீனே; ஆதலின் அப்பெயர் பொருத்தமாயிற்று. நிறத்தாலும், ஆண் பெண் என்னும் பிறப்பாலும் உரிமை வேறுபடாது என்பது அவ்விதழின் கொள்கை.

ராச்செஸ்டருக்கு வடக்கே ஏரி. ஏரிக்கு அப்பால் கனடா நாடு. அங்கே அடிமை முறை இல்லை. தெற்கிலிருந்து தப்பி வருவோர் பலர் டக்ளஸின் வீட்டுக் கதவைத் தட்டினர். ஒரு சமயம் பதினொருவர் அவர் வீட்டில் ஒருங்கே தங்கியிருந்தனர். அவர்களுக்கு உணவும் உறைவிடமும் அளித்து, கனடா செல்வதற்குப் பொருளும் திரட்டிக் கொடுத்தார். ஓடிவந்தவர்க்கு உதவுவோரைத் தண்டிக்கும் கொடிய சட்டம் 1850இல் வந்தபின்னும் அவர் அப்பணியை விடவில்லை. அவர் மனைவி அன்னா, நள்ளிரவில் வந்தோர்க்கும் முகம் வாடாது உணவளித்தார்.

அவர் நடத்திய மற்றொரு போராட்டம் மாணவர்கள் சிறப்பாக அறிதற்குரியது. டக்ளஸ் தம் மூத்த மகள் ரொசட்டாவை அந்நகரில் தனியார் நடத்திய பெண்பள்ளி ஒன்றிற் சேர்த்தார். அங்கே அச்சிறுமி பிற மாணவியரோடு சேராவண்ணம் தனி அறையில் இருத்தப்பெற்றாள். டக்ளஸ் அது முறையன்று என வாதாடினார். பள்ளித் தலைவி மாணவியரையே கேட்டுப் பார்த்தார். அச்சிறுமியர் வெறுப்புக் காட்டவில்லை. ரொசட்டா தம் அருகில் அமரலாம் என்று போட்டியிட்டு அழைத்தனர். பின்னர்ப் பெற்றோரைக் கேட்டபோது ஒரே ஒருவர் மறுத்தார். அவ்வொருவர் சொல்லே மேலோங்கியது. ரொசட்டா பள்ளியை விட்டு நீங்கவேண்டியதாயிற்று. பெரியோர்க்கு இல்லாத நடுவுநிலைமை சிறுவர்க்கு இருந்தது!

டக்ளஸ் தம் மகளுக்கு வேறிடத்திற் கல்வி அளித்து, அத்துடன் அமைந்துவிடவில்லை. தம் மகளுக்கு நேர்ந்தது ஊரிலுள்ள கறுப்பினக் குழந்தைகள் அனைவர்க்கும் நேர்வதே என்று கண்டார். அந்நகரின் பொதுப் பள்ளிகளும் கறுப்பினக் குழந்தைகளைப் பிரித்தே வைத்திருந்தன. அதனை எதிர்த்து இதழில் எழுதினார், கூட்டங்களிற் பேசினார், பிறருடன் சேர்ந்து பல ஆண்டுகள் ஓயாது முயன்றார். 1857ஆம் ஆண்டில் அப்பாகுபாடு ஒழிந்தது. அந்நகரின் பொதுப் பள்ளிகளில் எல்லாக் குழந்தைகளும் ஒன்றாக அமர்ந்து கற்கலாயினர்.

ராச்செஸ்டரின் புறத்தே ஆந்தனி குடும்பத்தாரின் பண்ணை வீடு இருந்தது. அவர்கள் குவேக்கர் என்னும் சமயப் பிரிவினர். ஞாயிறுதோறும் அடிமை ஒழிப்பு நண்பர்கள் அங்குக் கூடுவர், டக்ளஸும் செல்வார். அவ்வீட்டு மகளே சூசன் ஆந்தனி. 1820இல் பிறந்து, ஆசிரியப் பணி புரிந்தவர். அவரும் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தொண்டராகி, ஊர்தோறும் சென்று, ஏளனத்தையும் இடையூற்றையும் தாங்கிப் பேசினார். டக்ளஸோ, ஆந்தனியார் பெண்ணுரிமைப் பணியில் இறங்குமுன்பே அதற்குத் துணைநின்றவர். 1848ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் செனிகா பால்ஸ் என்னும் ஊரில் பெண்ணுரிமை மாநாடு கூடியது. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்னும் தீர்மானத்தை முன்மொழிந்தபோது, அங்கிருந்தோரிற் பலர் தயங்கினர். அவையில் இருந்த ஒரே கறுப்பினத்தவராகிய டக்ளஸ் எழுந்து ஆதரித்துப் பேச, தீர்மானம் நிறைவேறியது. தமக்கு மறுக்கப்படும் உரிமை பிறர்க்கும் மறுக்கப்படுதல் கண்டு அவர் வாளாவிருந்திலர்.

1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. கறுப்பினத்தவரைப் படையிற் சேர்த்தல் வேண்டும் என டக்ளஸ் வற்புறுத்தினார். இசைவு கிடைத்ததும் தம் மைந்தர் இருவரை முதலில் அனுப்பினார். 1863இல் குடியரசுத் தலைவர் லிங்கனைக் கண்டு, கறுப்பின வீரர்க்குச் சம ஊதியமும் சம நடத்தையும் வேண்டி வாதாடினார். போர் 1865இல் முடிந்தது. அவ்வாண்டிலேயே அடிமை முறையும் ஒழிந்தது.

இனி வாக்குரிமை பற்றிய வினா எழுந்தது. கறுப்பினத்தார்க்கும் பெண்களுக்கும் சேர்த்து உரிமை பெறுதற்காக 1866இல் நிறுவிய சங்கத்தில் டக்ளஸும் ஆந்தனியாரும் ஒன்றாகவே உழைத்தனர். ஆனால் கறுப்பின ஆடவர்க்கு மட்டுமே வாக்குரிமை அளிக்கும் அரசியல் சட்டத் திருத்தம் நாட்டின்முன் வந்தது. 1869ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூயார்க்கில் கூடிய அச்சங்கக் கூட்டத்தில் நண்பர் இருவரும் எதிரெதிரே நின்றனர். தெற்கே கறுப்பினத்தார் நாள்தோறும் வேட்டையாடப்பட்டுக் கொல்லப்படுகின்றனர். அவர்கட்கு வாக்குரிமை உயிர் காக்கும் வேலி. ஆதலின் கிடைப்பதை இப்போதே பெறவேண்டும் என்றார் டக்ளஸ். அனைவர்க்கும் சேர்த்துக் கொடுக்க மனமில்லையேல், அறிவு மிக்கார்க்கு முதலிற் கொடுக்க வேண்டும். ஆதலின் பெண்களே முற்படுதற்கு உரியர் என்றார் ஆந்தனியார். அவர் சொல்லிய முறை கறுப்பினத்தாரைத் தாழ்த்துவதாகவும் இருந்தது. இரு பக்கமும் புண்பட்டது. பெண்ணுரிமை இயக்கமே இரண்டாகப் பிளந்தது. 1870இல் திருத்தம் சட்டமாயிற்று. பெண்கள் வாக்கின்றியே நின்றனர்.

இவ்விடத்தில் நட்பு முறிந்திருந்தால் வியப்பில்லை. ஆயின் டக்ளஸ், தம்மினத்தார்க்கு உரிமை கிடைத்துவிட்டது என்று பெண்களின் வழக்கைக் கைவிட்டாரில்லை. திருத்தம் நிறைவேறியவுடனே பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று மீண்டும் எழுதினார்; வாழ்நாள் முழுதும் அவர்கள் மேடையில் ஏறிப் பேசினார். ஆந்தனியாரும் தம் வழியில் உறுதியாய் நின்றார். 1872 நவம்பரில் ராச்செஸ்டரில் சட்டத்தை மீறி வாக்களித்துச் சிறைப்பிடிக்கப்பெற்றார். நூறு டாலர் தண்டம் விதிக்கப்பெற்றும் அதனை இறுதிவரை செலுத்தினாரில்லை.

1872இல் டக்ளஸின் ராச்செஸ்டர் வீடு தீக்கிரையாயிற்று. அரிதிற் சேர்த்து வைத்த இதழ்த் தொகுதிகள் பல எரிந்தன. அதன்பின் அவர் குடும்பத்துடன் வாஷிங்டன் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே உயர்ந்த அரசுப் பதவிகள் அவரைத் தேடி வந்தன; 1889 முதல் 1891 வரை ஹெய்ட்டி நாட்டில் அமெரிக்கத் தூதராகவும் விளங்கினார்.

1895ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெண் வாக்குரிமை மாநாடு தெற்கேயுள்ள அட்லாண்டா நகரிற் கூடியது. அவ்விடத்து வெள்ளையர் மனம் கோணுவர் என்று கருதி, டக்ளஸை அங்கு வரவேண்டா என ஆந்தனியார் கேட்டுக்கொண்டார். நண்பர்க்குச் செய்யத்தகாத செயல் அது. எனினும் டக்ளஸ் அதனை மனத்திற் கொண்டு பகைத்திலர். பிப்பிரவரி 20ஆம் நாள் வாஷிங்டனில் பெண்கள் பேரவை கூடியபோது அங்குச் சென்றார். அவரைக் கண்ட ஆந்தனியார் மேடைக்கு அழைத்துச் சென்றார். அவையோர் மகிழ்ந்து வரவேற்றனர். அன்று மாலை வீடு திரும்பி, பேரவையில் நிகழ்ந்தவற்றை மனைவியிடம் சொல்லிக்கொண்டிருக்கையில், டக்ளஸ் கீழே சாய்ந்து உயிர் நீத்தார். பெண்ணுரிமைக்காக முதலிற் குரல் கொடுத்து நாற்பத்தேழாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. இறுதி நாளும் அப்பணியிலேயே கழிந்தது.

அவர் உடல் ராச்செஸ்டருக்குக் கொண்டுவரப்பெற்று, மவுண்ட் ஹோப் என்னும் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பெற்றது. 1899இல் அந்நகரத்தார் அவருக்குச் சிலை நிறுவினர். ஆந்தனியார் 1906ஆம் ஆண்டில் மறைந்தார். அவரும் அதே இடுகாட்டில் துயில்கின்றார். பெண்களுக்கு வாக்குரிமை நாடு முழுதும் 1920இல் கிடைத்தது. அதனைக் காண இருவரும் இல்லை.

ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, ஜெனிசி ஆற்றின்மேல் எழுந்த பாலம் அவ்விருவர் பெயரையும் சேர்த்துத் தாங்கிற்று. ஊர் மக்கள் உரிமையுடன் அதனைப் பிரெடி-சூ பாலம் எனச் சுருக்கி வழங்குகின்றனர். பெருமக்களைச் செல்லப் பெயரால் அழைப்பது அவர்கள் தம்மவர் என்னும் அன்பினாலன்றோ?

கருத்து வேறுபாடு நல்லோர்க்கும் நேரும். சினத்தில் தகாத சொல்லும் பிறக்கும். யார்க்கு உரிமை முன், யார்க்குப் பின் என்னும் வினா அவ்விருவரையும் எதிரெதிர்க் கரைகளில் நிறுத்தியது. ஆயின் ஒருவர் உரிமை மற்றவர் உரிமைக்குப் பகையன்று என்பதைத் தம் செயலால் டக்ளஸ் காட்டினார். பாலத்திற்குக் கரை ஒன்று போதாது. இரு கரையும் வேண்டும். பிறந்த நாளும் அறியாத அடிமைச் சிறுவன் பூண்ட பெயரையும், வாக்களித்ததற்காகத் தண்டிக்கப்பெற்ற பெண்மணியின் பெயரையும் ஒருங்கே தாங்கி, அப்பாலம் நாள்தோறும் மக்களை இக்கரையிலிருந்து அக்கரைக்குச் சேர்த்துக்கொண்டிருக்கின்றது.